அழிந்த படத்தை நீங்களே முழுசாக அழிக்காதீர்கள்

மறுபடியும் ஒருவர். குழந்தையின் பிறந்தநாள் படங்களைக் கேமராவிலேயே தவறுதலாக அழித்துவிட்டு, மெமரி கார்டு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதே கார்டில் இன்னும் ஏகப்பட்ட படங்களும் வீடியோவும் எடுத்துவிட்டு, அப்புறம் என்னிடம் கொண்டுவந்தார். மீட்க முடிந்தது கொஞ்சம்தான். அதிலும் சில படங்களில் மேல்பாதியில் முகம் இருக்கிறது, கீழே வெறும் சாம்பல் நிறம். இழந்த படங்களில் பெரும்பகுதி டெலிட் அழுத்தியதால் போகவில்லை, அதற்கப்புறம் எடுத்த படங்களால் போனது.

டெலிட் அழுத்திய நொடியே படம் காணாமல் போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை! புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்த மாதிரிதான் அது, உள்ளே பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன. சாதாரண ஃபார்மட்டும் பெரும்பாலும் அப்படித்தான் (சில கேமராக்களில் இருக்கும் லோ லெவல் ஃபார்மட் வேறு, அது நிஜமாகவே துடைத்துவிடும்). அந்த இடம் காலி என்று கேமரா குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்து எடுக்கும் படம் அங்கே போய் உட்காரும்போதுதான் பழையது அழிகிறது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரே நிமிடத்தில் சுமார் 750 எம்பி எழுதப்படும். எத்தனை படங்களின் இடம் அது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் படம் போனது தெரிந்த உடனே கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, எஸ்டி கார்டு என்றால் புதிதாக எதுவும் எழுதப்படாதபடி பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிடுங்கள். கணினியில் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் இலவச மென்பொருள், நிறைய மீட்டுத் தரும். ஆனால் மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கணினியில் சேமியுங்கள். கார்டையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் நோண்டாமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

நான் பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். அப்போது பிரிண்ட் கிழிந்தாலும் நெகட்டிவ் இருக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். டிஜிட்டலில் நீங்கள் பிரதி எடுக்கும் வரை உங்களிடம் இருப்பது அந்த ஒரு கார்டு மட்டும்தான். பெரிய கார்டு ஒன்றை வாங்கி வருடக்கணக்கில் அதிலேயே சேர்த்துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கார்டு படம் எடுத்து வருவதற்கு, பத்திரப்படுத்துவதற்கு அல்ல.

இரண்டு கார்டு போடும் கேமரா வைத்திருப்பவர்கள் மெனுவைத் திறந்து பாருங்கள். ஒன்று நிரம்பினால் அடுத்தது என்ற அமைப்பில் விட்டுவிட்டு, இரண்டு பிரதி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் தொழில்முறை ஆட்களிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும் பேக்கப் முறையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதும் விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ பிடுங்காதீர்கள். புதுக் கார்டை முக்கியமான நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை முழுக்க நிரப்பிப் படங்களைத் திறந்து பாருங்கள், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அதில் மாட்டிக்கொள்ளும்.

தயவுசெய்து, கார்டில் மட்டும் இருக்கும் படங்களை இன்றைக்கே கணினியில் ஏற்றுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வையுங்கள். இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அந்த டிஸ்கை லேப்டாப் பையிலேயே போட்டுச் சுமக்காதீர்கள், பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.