வாஷ்பேசின் சுழியும் வங்கக்கடல் புயலும்

‘வாஷ்பேசினில் தண்ணீர் வடியும்போது நம் ஊரில் இடஞ்சுழியாகவும் ஆஸ்திரேலியாவில் வலஞ்சுழியாகவும் சுற்றுமாமே?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புயலுக்கு அது உண்மை. பேசினுக்கு இல்லை.

பூமி ஒரு சுற்று சுற்ற ஒரு நாள் ஆகிறது. பேசின் நீர் சில நொடிகளில் சுற்றி முடித்துவிடும். பூமி சுழல்வதால் ஓடும் நீரையும் காற்றையும் பக்கவாட்டில் திருப்பும் கோரியாலிஸ் விசைக்கு அதைத் திருப்ப அவகாசமே இல்லை. புயலில் காற்று மையத்தைச் சுற்றிவர மணிக்கணக்கில் ஆகும். ஓட்டத்தின் வேகத்தை அதன் அகலத்தாலும் பூமியின் சுழற்சியாலும் வகுத்தால் வருவது ராஸ்பி எண். அது சிறிதாக ஆக, சுழற்சியின் கை ஓங்கும். சென்னையில் பேசினுக்கு அது சுமார் பத்தாயிரம். பெரிய புயலுக்கு ஒன்றோ இரண்டோ. கென்யாவின் நன்யுகியில் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் தண்ணீரை வடித்துக் காட்டிக் காசு வாங்குவதெல்லாம் ஊற்றும் கையின் சாமர்த்தியம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆஷர் ஷாப்பிரோ 1962-ல் ஆறடி அகலத் தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்து, சின்னத் துளை வழியே வடித்த பிறகுதான் இடஞ்சுழி கிடைத்தது.

சரி, சுழற்சி ஓங்கிவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். சீராகச் சுழலும் கண்ணாடித் தொட்டியில் நீரை லேசாகக் கலக்கிவிட்டு ஒரு சொட்டு மை விடுங்கள். சாதாரண நீரில் அது புகையாய்ப் பரவும். இங்கே மேலிருந்து கீழ்வரை மெல்லிய திரைச்சீலைகளாகத் தொங்கும். திரை வளையும், நெளியும், ஆனால் சாயாது. கோரியாலிஸ் விசையும் பக்கவாட்டு அழுத்த வேறுபாடும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. நீரின் அடர்த்தி எங்கும் ஒன்றே என்பதால், அந்த அழுத்த வேறுபாடு எல்லா ஆழத்திலும் ஒன்றுதான். ஆகவே வேகமும் ஒன்றுதான். கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர் 1923-ல் வெளியிட்ட சோதனையில், தொட்டியின் அடியில் ஒரு குட்டி உருளையை மெல்ல நகர்த்தினார். அதற்கு மேலே வெறும் தண்ணீர்தான். அங்கே விட்ட மையோ, உருளை மேற்பரப்புவரை நீண்டிருப்பதுபோல் இரண்டாகப் பிரிந்து விலகிப் போனது!

தாறுமாறான சுழிகள் நிறைந்த ஓட்டத்திலும், அதாவது கொந்தளிப்பிலும், இதே கதைதான். வழக்கமாகப் பெரிய சுழிகள் உடைந்து சிறிதாகி, கடைசியில் வெப்பமாய்க் கரையும். வேகமாகச் சுழலும் பாய்மத்தில் (நீர், காற்று போல ஓடும் பொருளில்) பெரிய சுழிகள் தூண்களாக நிமிர்கின்றன. தூண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இன்னும் பெரிதாவதால், ஆற்றலில் ஒரு பங்கு சிறியதிலிருந்து பெரியதை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இந்த ஆட்டம் செல்லாது. ஸீமன் அளவு என்கிறார்கள். அதைவிடச் சிறிய சுழிகள் சுழற்சி உறைக்குமுன்பே உடைந்து போகின்றன. சுழற்சியைக் கூட்டினால் இந்த எல்லை இன்னும் சிறிய சுழிகள்வரை இறங்கும்.

நிலநடுக்கோட்டருகே கோரியாலிஸ் விசை மிகவும் சொற்பம்; ஐந்து பாகை அட்சரேகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே ஒன்றரை பாகையில் எழுந்த வாமெய் அப்படியொரு விதிவிலக்கு.

வானிலைக் கணிப்புக்குக் கோடிகளில் கணினி வாங்குகிறோம், நல்லதுதான். அப்படியே கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு சுழல்மேடையும் மைப்புட்டியும் வாங்கித் தந்தால் என்ன?