டிராகனைவிடச் சந்தைக்கூட்டமே பாரம்

மாரியம்மன் நோம்பிக்கு எல்லோரும் பல்லடம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். பெண்கள் மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன நேரத்தில் திண்ணையில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. ஒரு பக்கம் கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன். இன்னொரு பக்கம் என் சித்தப்பா பையன். பேச்சு, ‘டிராகன்ஸ் டாக்மா 2’ என்ற வீடியோ கேமைப் பற்றி.

“காட்டுக்குள்ள அலுங்காமப் போகுதுங் மாமா. ஊருக்குள்ள கால வெச்சாத்தான் திக்கித் திக்கி நிக்குது. குடுத்த காசுக்கு இது தேறாதுங்” என்றான் மருமகன்.

“எனக்கு ஊருக்குள்ளயும் நல்லாத்தானப்பா போகுது. உம்பட மெசின்லதான் கோளாறு” என்றான் தம்பி.

“போன வருசந்தானுங் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன்!”

இருவர் சொன்னதும் உண்மை. 2024 மார்ச் 22 அன்று இந்த விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து உலகம் முழுக்க இதே வாக்குவாதம்தான் நடந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் தயாரித்தது, ஹிதேஆகி இட்சுனோ இயக்கியது. கதையில் ஒரு சிவப்பு டிராகன் உங்கள் இதயத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதைத் தேடிப் போகும் வழியில் மூன்று துணையாட்கள் கூடவே நடந்து வருவார்கள். அதில் இருவரை மற்ற ஆட்டக்காரர்கள் உருவாக்கியவர்களிலிருந்தே கூலிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக்கண் அரக்கன் மேல் ஏறி அவன் கழுத்தைப் பிடித்துத் தொங்கலாம். கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட கிரிஃபின் பறக்கும்போது அதன் இறகைப் பற்றிக்கொண்டு கூடவே பறக்கலாம். இதையெல்லாம் விளையாடினவர்கள் கொண்டாடினார்கள். விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் சில பொருள்களைத் தனியாகக் காசுக்கும் விற்றதால் பலருக்குக் கோபம் வந்தது, அது தனிக்கதை. என் அக்கறை ஊருக்குள் வரும் திக்கலைப் பற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கணினி எப்படி வேலை செய்கிறது என்பதே பிடிபடும்.

முதலில் ஃபிரேம். திரையில் ஓடுவது எல்லாமே அசையாத படங்கள். அப்படி ஒரு படம்தான் ஒரு ஃபிரேம். ஒரு நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால், ஒரு படத்தைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. அந்த அவகாசத்துக்குள் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், யார் எங்கே நகர்ந்தார்கள், யார் மேல் யார் மோதினார்கள் என்றெல்லாம் முடிவு செய்து, முழுப்படத்தையும் வரைந்து முடிக்க வேண்டும். அடுத்த 16.7 மில்லிநொடியில் திரும்ப முதலிலிருந்து.

இந்த வேலையை இரண்டு பேர் பிரித்துச் செய்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். துணி ரோலை மேசையில் விரித்து, அளவு போட்டு, வெட்டி, எண் எழுதி, பண்டல் பண்டலாகக் கட்டி அனுப்புபவர் கட்டிங் மாஸ்டர். அந்தப் பண்டலை வாங்கித் தைப்பது பவர் டேபிள். வரிசையாக ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள், பக்கத்தில் பிசிறு வெட்டி அடுக்கிக் கொடுக்கும் கைமடி. கணினியில் கட்டிங் மாஸ்டர் வேலை பிராசஸருடையது. யார் எங்கே நிற்கிறார், எதை வரைய வேண்டும் என்று முடிவெடுத்து, ‘இதை வரை, அப்புறம் அதை வரை’ என்று கட்டளைகளைக் கட்டி அனுப்புவது அது. வாங்கி வரைவது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸரில் இருப்பது பெரும்பாலும் கை விரல்களில், மிஞ்சினால் கால் விரல்களையும் சேர்த்து எண்ணிவிடக்கூடிய வேலையாட்கள். ஆனால் ஒவ்வொருவரும் எதையும் யோசித்துச் செய்யத் தெரிந்த கெட்டிக்காரர்கள். கிராபிக்ஸ் கார்டிலோ ஆயிரக்கணக்கானவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி வேலையை ஒரே நேரத்தில் மளமளவென்று செய்வார்கள்.

கட்டிங் தாமதமானால் என்ன ஆகும்? பவர் டேபிளில் நாற்பது டைலர் இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போது போய் இன்னும் பத்து தையல் மெஷினை வாங்கிப் போட்டால் ஒரு பனியன்கூடக் கூடுதலாக வராது.

மருமகன் வீட்டில் நடந்தது இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். திரையின் மூலையில், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்களை ஓட விட்டான். காட்டில் கிராபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட முழுமூச்சில் ஓடியது. வெர்ன்வொர்த் என்ற தலைநகரத்தின் வாசலைத் தாண்டினான். படம் இழுக்க ஆரம்பித்தது. ஆனால் கார்டின் வேலை பாதியாக விழுந்துவிட்டது. கஷ்டப்படும் இடத்தில் அது சும்மா இருந்தது! நிழல், புல், தூரக் காட்சி எல்லாவற்றையும் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தான். படம் அசிங்கமானதுதான் மிச்சம், வேகம் ஏறவே இல்லை. செட்டிங்ஸைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் பெரும்பாலும் நெரிசல் பிராசஸரில்தான். அவன் மாற்றியது கார்டை மட்டும். பிராசஸர் பல வருடம் பழையது. தம்பியின் கணினியில் கார்டு சுமார்தான், பிராசஸர் புதியது. அதனால்தான் திண்ணையில் இருவரும் வெவ்வேறு விளையாட்டைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஊருக்குள் அப்படி என்ன பாரம்? ஆகாயத்தை மறைத்துக்கொண்டு வரும் டிராகனைத் தாங்கிய கணினி, காய்கறிக் கடையில் நிற்கும் கிழவியைத் தாங்க முடியாமல் திணறுவானேன்?

டிராகன் பார்வைக்குத்தான் பெரியது. அதன் செதில்கள், நெருப்பு, இறக்கையின் நிழல் எல்லாம் வரைகிற வேலை, கார்டின் தலையில் போய்விடும். பிராசஸரின் கணக்கில் அது ஒரே ஓர் உடம்பு, ஓர் எலும்புக்கூடு, எடுக்க வேண்டிய முடிவு ஒன்று: இப்போது கடிப்பதா, நெருப்பைத் துப்புவதா, மேலே எழும்புவதா. சுற்றிலும் வெறும் ஆகாயம், மோத ஆளில்லை. நீங்கள் அதன் முதுகில் தொற்றிக்கொள்ளும்போது கணக்கு கூடும். இறக்கை அசைய அசைய நீங்கள் பிடித்திருக்கும் இடமும் நகரும் என்பதால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதும் மொத்தம் ஒரு விலங்கு, நான்கு மனிதர்கள்.

கூட்டம் அப்படியில்லை. பத்துப் பேர் இருக்கும் இடத்தில் யார் யாரை இடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் 45 ஜோடிகளைப் பார்க்க வேண்டும். நூறு பேர் என்றால் 4,950 ஜோடி. ஆள் பத்து மடங்கு, வேலை நூறு மடங்குக்கும் மேல். விளையாட்டு எழுதுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவிட்டு, ஒரே கட்டத்திலோ பக்கத்துக் கட்டத்திலோ இருப்பவர்களை மட்டும் ஒப்பிடுவது. மேற்கு வாசலில் நிற்பவன் கிழக்கு வாசலில் நிற்பவனை இடிக்கப் போவதில்லையே. காட்டில் இந்த உத்தி அருமையாகப் பலிக்கும். ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? குதிரைச் சந்தையில் எல்லோருமே எல்லோருக்கும் பக்கத்தில்தான். எப்படிக் கட்டம் பிரித்தாலும் ஒரே கட்டத்தில் ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். உத்தி எந்த இடத்தில் அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாக உதவுகிறது.

மோதல் மட்டுமா? கடைக்காரர் கடைக்குப் போக வழி தேட வேண்டும், எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும், நீங்கள் வாளை உருவினால் பயந்து ஓட வேண்டும். வெளிவந்த சமயத்தில் கேப்காம் தந்த விளக்கமும் இதையே சொன்னது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிராசஸரின் உழைப்பில் பெரும்பங்கு ஒதுக்கப்படுகிறது, அவர்களுடைய உடல் அந்த இடத்தில் இருப்பதால் என்ன விளைவு என்று கணக்கிடப்படுகிறது, நிறையப் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வேகம் பாதிக்கப்படலாம். அந்த நாட்களில் சில ஆட்டக்காரர்கள் நகரவாசிகளை வெட்டிச் சாய்த்துப் பார்த்து, ஆள் குறையக் குறைய ஃபிரேம் எண் ஏறுவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். கொடூரமாகத் தெரிந்தாலும் அது ஒழுங்கான சோதனை. மற்ற எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை அளந்திருக்கிறார்கள்.

‘இன்றைய பிராசஸரில் எட்டு, பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் என்ன?’ என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு ஃபிரேமின் வேலை மொத்தம் 16 மில்லிநொடி என்று வையுங்கள். அதில் 12 பிரிக்கக்கூடியது. 4 மில்லிநொடி வேலையை ஒரே ஆள்தான் வரிசையாகச் செய்ய முடியும். நான்கு பேர் சேர்ந்தால் 4-உம் 3-உம் ஏழு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் 4-உம் 1-உம் ஐந்து. ஆயிரம் பேரைக் கூப்பிட்டாலும் அந்த 4 குறையாது. கூட்டத்தில் பிரிக்க முடியாத பங்கு எங்கிருந்து வருகிறது என்றால், ஒருவர் ஒதுங்குவதைப் பொறுத்துத்தான் அடுத்தவர் எந்தப் பக்கம் போவார் என்பது இருக்கிறது. முதல் பதில் வராமல் இரண்டாவது கணக்கைத் தொடங்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரி விளையாட்டுகளில், ஆட்கள் எத்தனை பேர் என்பதைவிட ஒவ்வொருவரும் எவ்வளவு வேகமானவர் என்பதே பெரிதாகிவிடுகிறது.

இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது ‘ஸ்கைரிம்’. 2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா வெளியிட்ட டிராகன் விளையாட்டு. அதில் வைட்ரன் போன்ற பெரிய ஊர்களின் கதவைத் திறந்தால் ஒரு காத்திருப்புத் திரை வரும். உள்ளே இருப்பது தனி உலகம். கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்துக் கணக்கு பெரும்பாலும் தேவையில்லை. ஊருக்குள்ளும் சில பத்துப் பேர்தான். ‘தலைநகரம்னு சொல்றாங்க, எங்க ஊர் டீக்கடையில இதைவிடக் கூட்டம் இருக்கும்’ என்று அதை விளையாடினவர்கள் குறைப்பட்டார்கள். டிராகன்ஸ் டாக்மா 2-இலோ நகரத்துக்குள் காத்திருப்பே இல்லாமல் நடந்து போகலாம், தெரு நிறைய ஜனம். குறை என்னவென்றால் திக்குகிறது. வெறிச்சோடிய ஊர், திணறும் ஊர் என்ற இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றே. எனக்குக் கூட்டமுள்ள ஊர்தான் பிடிக்கும். துணையாளோடு சந்தைக்குள் நுழையும்போது அது நிஜமான ஊராகத் தெரிகிறது. ஆனால் இடைத்தர பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் ஓடுகிற அளவுக்கு அதை இலகுவாக்கிய பிறகு விற்றிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கமும் முழு நியாயம் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களில் நகரத்தின் பாரம் ஓரளவு குறைந்தது.

கருத்துகளைக் குழப்புவதில் சராசரிக்கும் பங்கு உண்டு. ஒரு நொடியில் 50 ஃபிரேம்கள் தலா 10 மில்லிநொடியில் வந்து, 5 ஃபிரேம்கள் தலா 100 மில்லிநொடி இழுத்தன என்று வைப்போம். மொத்தம் நொடிக்கு 55. எண் நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்த ஒரு நொடிக்குள் ஐந்து முறை படம் நின்று போயிருக்கிறது. எண்ணைப் பார்த்தவர் ‘அருமை’ என்பார், கண்ணால் பார்த்தவர் தலைவலி என்பார். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் எவ்வளவு எழுதினாலும், கடைசியில் கட்டைவிரலை மேலே காட்டுவது, கீழே காட்டுவது என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ‘சண்டை அற்புதம், சந்தை திக்குகிறது’ என்பதற்கு அங்கே பொத்தான் கிடையாது.

தறிக்குடோனில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தாளக்கேடு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பா வெளியே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். உள்ளே எட்டுத் தறி ஒரே இரைச்சலில் ஓடும். அதில் ஒன்றில் நாடா ஒருமுறை சரியாகப் போய்ச் சேராவிட்டால் போதும், “மூணாவது தறியப் பாரு” என்று எழுந்துவிடுவார். எவ்வளவு சத்தமானாலும் சீராக வந்தால் காது அதை மறந்துவிடும். ஒரு தட்டு பிசகினால் உடனே பிடித்துவிடும். கண்ணும் அப்படித்தான். நொடிக்கு 30 படம், ஒவ்வொன்றும் சரியாக 33.3 மில்லிநொடி இடைவெளியில் வந்தால் கண் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும். 60-க்கும் 25-க்கும் இடையில் தாவித் தாவி வந்தால், சராசரி அதிகமாக இருந்தும் பழகாது.

அதனால் மருமகனிடம், ஊருக்குள் போகும்போது நொடிக்கு 30 படத்துக்கு மேல் போகாதபடி பூட்டு என்றேன். அவனுக்கு மனமில்லை. அவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கிவிட்டு வேகத்தைக் குறைப்பதா! ஆனாலும் செய்தான். வெர்ன்வொர்த் வாசலுக்குள் நுழைந்து, சதுக்கத்தின் நடுவில் நின்று, கேமராவை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினான். கடைகள், காவலர்கள், கூடை தூக்கிப் போகும் பெண்கள். எதுவும் நிற்கவில்லை, எதுவும் துள்ளவில்லை.

“கொஞ்சம் மந்தமா இருக்குதுங் மாமா. ஆனா தூக்கிப் போடறதில்ல” என்றான். அப்புறம் வாசலைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியதும், முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றிவிட்டான். மலை மேல் ஒரு டிராகன் வட்டமடித்துக்கொண்டிருந்தது.