கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அந்த ஓட்டலின் சமையலறைக் கதவுக்கு ஒரு நாள்கூட நிம்மதி கிடையாது. கையில் தட்டுகளோடு போய்வரும் பணிப்பெண்கள் அதைத் திறந்தே வைக்கப் பார்ப்பார்கள். ஓட்டலை நடத்துகிறவர்கள் கோபத்தோடு படாரென்று சாத்துவார்கள். அடுத்த தட்டு வரும்போது அதே கோபத்தோடு அது மறுபடி திறக்கும்.

இடம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகள். 1949 முதல் 1951 வரை அங்கே போய்த் தங்கித் தன் முனைவர் பட்ட ஆய்வைச் செய்துகொண்டிருந்த கனடாக்காரர், சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், இந்தச் சண்டையைக் கவனித்தார்.

சாத்தச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. உள்ளே, கொதிக்கும் கெட்டிலின் மேல் ஈரக் காலுறை காயும். எடுத்து வைத்த சூப்பில் சில நாள் பூஞ்சை படர்ந்திருக்கும். விருந்தாளிகள் மிச்சம் வைத்த வெண்ணெய் திரும்ப உருட்டப்பட்டுப் புதிதுபோல மேசைக்குப் போகும். முதலாளியும் வேலையாட்களும் ஒன்றாக உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டபடி சாப்பிடுவார்கள். கதவைத் தாண்டினால் பேச்சு, நடை, முகம் எல்லாமே வேறு.

ஓட்டல்காரர்களின் தில்லுமுல்லு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மனிதர்கள் சந்திக்கிற இடமெல்லாம் இப்படித்தான் இயங்குகிறது என்றார் காஃப்மன். முன்னால் மேடை, பின்னால் வேஷத்தைக் களைந்து மூச்சு விட ஒரு பின்கட்டு. 1956-ல் வெளிவந்த அவருடைய முதல் நூலின் அடிப்படையே இதுதான். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம், பார்க்கிறவர்களும் நாடகத்தில் சேர்ந்தவர்கள் என்று அவர் காட்டுவது. பேசுகிறவர் தடுமாறினால் நாம் கவனிக்காத மாதிரி இருந்துவிடுகிறோம் இல்லையா? அவர் முகத்தைக் காப்பாற்றுவதில் நமக்கும் ஒரு கை இருக்கிறது.

தீவில் இன்னொரு காட்சி. தேநீருக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர், வாசலை நெருங்கியதும் அதுவரை இருந்த முகத்தை விட்டுவிட்டுச் சிரித்த முகமாக மாறுவார். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, வெளியே மறைப்பு எதுவும் இல்லை. அதனால் உள்ளே இருப்பவர்கள் இதை ரசித்துப் பார்ப்பார்கள். இது தெரிந்த சிலர் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வருவார்களாம்!

சரி, பின்கட்டே இல்லாமல் போனால்? 1955, 56-ல் வாஷிங்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் காஃப்மன் களஆய்வு செய்தார். தூக்கம், வேலை, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே அதிகாரத்தின் கண் முன்னால். சொந்தப் பொருளைப் பூட்டி வைக்க இடமில்லாதவர்கள் அதைப் பையிலும் சட்டைப்பையிலும் நாள் முழுக்கச் சுமந்து திரிந்தார்கள். அவர்களில் பலரது விசித்திரமான நடத்தைக்கு நோய் மட்டும் காரணமில்லை, அந்த இடத்தில் தன்னைத் தானாக வைத்துக்கொள்ளும் முயற்சியும்தான் என்று 1961-ல் எழுதினார். சிறை, படைமுகாம், மனநல மருத்துவமனை என்று இத்தகைய இடங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர், உள்ளே போகிறவர் இழப்பவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். சொந்த உடை, சொந்தப் பெயர். அப்புறம், கழிப்பறைக் கதவு.