டானின்: தமிழில் துவர்

மழை விட்ட மறுநாள், சிமெண்டுத் தரையில் கிடந்த நாட்டு வாதுமை இலையை எடுத்தால் அதே வடிவில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். இலையிலிருந்து ஊறி இறங்கிய டானின்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். வண்ணமீன் வளர்ப்போர் இந்தச் சருகைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் தேநீர் நிறமாக்குவதும் இதை நம்பித்தான்.

பச்சைத்தோலைப் பதனிட உதவும் தாவரப் பொருளுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலார் வைத்த பெயர் டானின். ஓக் மரப்பட்டைத் தூளைக் குறிக்கும் 'டான்' என்ற சொல்லில் பிறந்தது. நம் ஊர்த் தோல் தொழிலில் அந்த வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன.

டானினின் முதன்மையான குணம் புரதத்தைப் பற்றிக்கொள்வது. தோலின் புரதத்தைப் பற்றினால் தோல் அழுகாது. எச்சிலின் புரதத்தைப் பற்றினால் நாக்கு இழுக்கும். சருகிலோ, இலையை மட்கவைக்க நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளையே பற்றி முடக்குகிறது. நொதியும் புரதம்தானே.

இங்கேதான் தட்பவெப்பம் நுழைகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செம்மேப்பிள் மரக்கன்றுகளுக்கு வெப்பத்தையும் மழையளவையும் மாற்றிப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. சூடும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் சருகின் டானின் இரு மடங்காகி, உலர் எடையில் 30 விழுக்காட்டைத் தொட்டது. அளவு கூடியதோடு அமைப்பும் மாறியது. டானின் மூலக்கூறின் சங்கிலிகள் குறுகியதால் அது இலைநாரில் அவ்வளவாகச் சிக்கிக்கொள்ளவில்லை. அந்தச் சருகு நொதியைப் பிடிக்கும் திறன் மற்றவற்றைவிட ஐந்து மடங்கு. சூட்டோடு ஈரமும் கூடிய இடத்தில் செறிந்த வகை டானின், அதாவது சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த வகை, குறைந்தது. ஆக, வெயில் ஏறினால் சருகு விரைவாக மட்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மரம் எந்த வானிலையில் அந்த இலையை வளர்த்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? 'தோல்பதனி' என்று பெயர்த்தால் தோலோடு நின்றுவிடும், சருகுக்குப் பொருந்தாது. என் தேர்வு 'துவர்'. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் 'பத்துத் துவர்' ஊறியிருக்கிறது. திரிபலை, கருங்காலி, நாவல், ஆல், அரசு என்று உரை தரும் பட்டியலைப் பாருங்கள்: டானினுக்குப் பேர்போன மரங்கள் பல அதில் இருக்கின்றன. சுவையை மட்டுமன்றிப் பொருளையும் சுட்டப் பழகிய சொல் அது. சுவையோடு குழம்பும் இடத்தில் 'துவர்ப்பொருள்' என்று எழுதலாம். வகைப்பெயர்களும் செறிதுவர் (செறிந்த வகை, condensed tannin), நீர்ப்பகு துவர் (நீரால் பகுபடும் வகை, hydrolyzable tannin) என்று எளிதாக அமைகின்றன.