பட்டுப்புழு முட்டை: பதிவு பெற்றவரிடம் வாங்கச் சொல்வது ஏன்?

பட்டுப்புழுவுக்கு வரும் முக்கிய நோய்களில் பெப்ரின் ஒன்றுதான் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. முட்டையிலேயே நோய் இருந்தால், புழு வளர்ப்பு மனையை எத்தனை சுத்தமாக வைத்திருந்தாலும் அந்த வளர்ப்பு தேறாது. இதற்காகவே 1948-ஆம் ஆண்டின் மத்திய பட்டு வாரியச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்டு, முட்டையின் தரமும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. அதற்கான ஒழுங்குமுறைகள் 2010-இல் வந்தன.

இவற்றின்படி முட்டை தயாரிக்கும் வித்தகங்கள், முட்டை விற்பவர்கள், இளம்புழு வளர்த்துத் தரும் சாக்கி மையங்கள் எல்லாமே பதிவு பெற்றிருக்க வேண்டும். வித்தகத்தில் நடக்கும் தாய் அந்துப்பூச்சி பரிசோதனைதான் இதில் உயிர்நாடி. முட்டையிட்டு முடித்த பூச்சியை அரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெப்ரின் கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) நீள்வட்டமாக, பளபளவென்று தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிட வேண்டும்.

ஆகவே முட்டையோ சாக்கிப் புழுவோ வாங்கும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம். முட்டைத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண்ணுடன் ரசீது வாங்கி, கூடு விற்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். விலை குறைவு என்று ரசீதில்லாத முட்டையை வாங்கினால், பிறகு முறையிட உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. புழுக்கள் ஒரே சீராக வளராமல் சிறிதும் பெரிதுமாக நின்றால், சிலவற்றை எடுத்துக்கொண்டு உடனே பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்துக்குப் போங்கள்.

சரி, பால் நோய்? கணுக்கள் வீங்கி, தட்டின் விளிம்பிலேயே ஊர்ந்து, தொட்டால் வெள்ளையாக நீர் கசியும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு மனையின் சுத்தமே காப்பு. ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கலந்து சுவர், தரை, தட்டு எல்லாம் நனையத் தெளிக்க வேண்டும். நோய்ப்புழுவை வெளியே வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தோலுரித்து எழுந்த புழுவுக்குத் தழை போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு விஜேதா என்ற கிருமிநீக்கிப் பொடியைத் தூவுவதும் அவசியம்.

வளர்ப்பு மனை கட்டவும் கிருமிநீக்கிகள் வாங்கவும் அரசுத் திட்டங்களில் உதவி உண்டு. மனை கட்டத் தொடங்கும் முன்பே துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.