கோழிக்கு யார் பொறுப்பு?

நான் ஓர் உளவளத்துணையாளர். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வருவது என் வேலை. காலநிலை மாறிவிட்டது என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாளெல்லாம் மலையில் நின்று கொழுந்து பறிப்பவர்களுக்கு மழையின் போக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் “வெளியேறுங்கள்” என்றால் பலர் அசைவதில்லை. அறியாமை, பிடிவாதம் என்று ஆரம்பத்தில் நானும் அறிக்கை எழுதியிருக்கிறேன். அது தவறு.

ஒரு பாட்டிதான் புரியவைத்தார். “போன தடவ போனோம் மிஸ். திரும்பி வந்தா கோழி நாலும் இல்ல. காணி தாறோம்னாங்க, அதுவும் வரல்ல. இப்ப யாரு பேச்ச நம்பிப் போறது?”

இதே மாவட்டத்து மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அங்கிருந்தவர்களுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போய்க் குடியிருக்க இடம் காட்டாமல் “போ” என்று மட்டும் சொன்னால் யார் போவார்? நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

பக்கத்து லயத்தார் மீதான நம்பிக்கையும் இப்படித்தான். மேலே உள்ள கான், அதாவது வடிகால், அடைத்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மண் கனத்து, பிடி தளரும். ஒரு தோட்டத்தில் கான் முழுக்கத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய குச்சியும் பொலித்தீனும். துப்புரவாக்கக் கூப்பிட்டபோது, “கீழ் லயத்துக்காரங்க வந்தா நாங்களும் வாறோம்” என்றது மேல் லயம். கீழ் லயமும் அதையே சொன்னது. 2001இல் பிஷ்பாகர், கேக்டர், ஃபேர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பொதுப் பணத்துக்குப் பங்கு போடச் சொன்னபோது ஏறக்குறைய பாதிப்பேர் மற்றவர்கள் போடுவதைப் பொறுத்தே தாங்களும் போட்டார்கள். 2015 பாரிஸ் உடன்படிக்கை, நாடுகள் தம் பங்கை அறிவித்து, செய்ததை எல்லோரும் பார்க்க அறிக்கையிட வேண்டும் என்கிறது. அங்கேயும் இதே கேள்விதான்: அவர் செய்வாரா?

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கானை அடிக்கணக்கில் பிரித்தோம். இரு லயத்துத் தலைவர்களும் முதலில் மண்வெட்டி பிடித்தார்கள். முதல் ஞாயிறு பதினொரு பேர். மூன்றாம் ஞாயிறு வேலை முடிந்துவிட்டது.

பிறகு, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒரு பலகை. தினமும் மழைமானி அளவை ஒரு பிள்ளை சோக்கால் எழுதுவாள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். லயத்தை யார் காவல் காப்பது என்ற பேச்சு வந்தது. ஆபத்தில் யாரையும் நிறுத்த முடியாது என்றேன். கோழிகளையும் கொண்டுபோகலாம், தூக்க நாங்கள் வருகிறோம் என்று இரண்டு இளைஞர்கள் சொன்னார்கள்.

அடுத்த பெருமழையில் பலகையில் 110 எழுதியிருந்தது. யாரும் சொல்லுமுன்பே பாட்டி பாடசாலை மண்டபத்தில் இருந்தார். காலடியில் கோழிக்கூடை.