போட்டோ எடுக்கப் போறோம்னு சொல்லி பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வராதீங்க

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்க சேலத்துலயே அம்மாபேட்டைல இருந்து ஒரு பையன கூட்டிட்டு வந்தாங்க. ஆறு வயசு, ஒண்ணாவது படிக்கிறான். மேல வலது பக்கம் பின்னாடி பால் கடவாப்பல்லு சொத்தையாகி ரெண்டு ராத்திரியா தூங்காம அழுதிருக்கான். கூட அப்பா, அம்மா, ஆயா, சித்தப்பான்னு நாலு பேரு. பையன் புது சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் பூசி, சிரிச்ச முகமா உள்ள வந்தான். பல்வலில வர்ற புள்ள எதுக்கு இப்படி ஜோடிச்சிட்டு வருதுன்னு எனக்கு அப்பவே மனசுல இடிச்சுது. சேர்ல ஏறி உக்காந்து என்னப் பாத்து கேக்கறான், "ஆன்ட்டி கேமரா எங்க?"

போட்டோ எடுக்கப் போறோம்னு சொல்லி கூட்டிட்டு வந்திருக்காங்க.

அசிஸ்டன்ட் ட்ரேய கொண்டு வந்து வச்சதும் அவனுக்கு புரிஞ்சு போச்சு. இறங்கி ஓடிப்போயி அம்மா முந்தானைக்குள்ள புகுந்துகிட்டான். ஆயா "ஒண்ணும் பண்ண மாட்டாங்க சாமி, சும்மா லைட் அடிச்சு தான் பாப்பாங்க"ன்னு அடுத்த பொய்ய சொல்றாங்க, அப்பா போன நீட்டி "இந்தா கார்ட்டூன் பாரு, பாரு"ன்னு மூஞ்சிக்கு நேரா ஆட்டறாரு, சித்தப்பா என்கிட்ட மெதுவா வந்து "நான் கைய கால புடிச்சுக்கறேன் டாக்டர், நீங்க போட்டு முடிச்சிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை தான"ங்கறாரு. முடியாதுன்னுட்டேன். வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல, அதனால எடை பாத்து வலிக்கு சிரப் எழுதிக் குடுத்து திங்கக்கிழமை வாங்கன்னேன். (வீக்கம் இருந்திருந்தா கதையே வேற, அத தள்ளிப் போடவே கூடாது.) அப்பாவுக்கு நல்ல கோவம். "புள்ளைங்க பல் டாக்டர்னு தானங்க வந்தோம், கவனத்த திருப்பி வலி தெரியாம பண்ணிடுவீங்கன்னு சொன்னாங்களே"ன்னாரு.

இந்த ஒரு வார்த்தைய நான் வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கேன், இனிமே வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி மாளாதுன்னு தான் எழுதறேன்.

கவனத்த திருப்புறதுன்னா நம்ம ஊர்ல காதுகுத்து தான் ஞாபகம் வருது. மாமா மடில உக்கார வச்சு, வாய்ல வாழப்பழத்த குடுத்து, "அங்க பாரு காக்கா"ன்னு சொல்லி, புள்ள திரும்பற நேரம் பாத்து சட்டுன்னு குத்திடறது. ஒரு வயசுல அது நடக்கும், புள்ள அழுதுட்டு மறந்துடும். ஆறு வயசுல நடக்காது. ஆறு வயசு புள்ளைக்கு காக்கா இல்லன்னும் தெரியும், நீங்க பொய் சொன்னீங்கன்னும் தெரியும், அது அந்தப் புள்ள மனசுல அப்படியே உக்காந்துக்கும். அடுத்த தடவ நீங்க அங்க பாருன்னா அது இங்க தான் பாக்கும். டாக்டர் வாய திறன்னு சொன்னா எதுக்குன்னு பயப்படும். பொய் ஒரு தடவ தான் வேலை செய்யும், பல் வைத்தியமோ ஒரு சிட்டிங்ல முடியற விஷயம் இல்ல, மூணு நாலு தடவ வரணும், அதுவும் போக அந்தப் புள்ள வாழ்நாள் பூரா பல் டாக்டர்கிட்ட போயாகணும். பெரியவங்கள்ல எத்தன பேரு நாப்பது வயசுல பல்லு எல்லாம் ஆடின பிறகு வந்து "சின்ன வயசுல நாலு பேரு புடிச்சு பல்ல புடுங்கினாங்க, அதான் டாக்டர் பயம்"னு சொல்றாங்க தெரியுமா.

நாங்க செய்யற கவனத் திருப்பல் இதுக்கு நேர் எதிர். புள்ளைக்கு தெரிஞ்சே செய்யறது. ஊசின்னு நானா முதல்ல சொல்றதில்ல, பல்ல தூங்க வைக்கற மருந்துன்னு தான் ஆரம்பிப்பேன், ஆனா "ஊசியா?"ன்னு நேரா கேட்டா ஆமான்னு தான் பதில். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும், நடுவுல தாங்கலன்னா இடது கைய தூக்கு, நான் நிறுத்திடுவேன்னு சொல்லுவேன். தூக்கினா நிஜமாவே நிறுத்துவேன். சில புள்ளைங்க நிறுத்தறேனான்னு சோதிச்சுப் பாக்கறதுக்குன்னே ரெண்டு தடவ தூக்கும், அதுக்கும் நிறுத்தணும், அப்ப தான் நம்பும். நம்பின பிறகு தான் கவனம் வேற பக்கம் போகும். பயந்து போயி அடுத்து என்ன பண்ணுவாங்களோன்னு காத்துட்டு இருக்கற புள்ளைக்கு எந்த விளையாட்டும் ஏறாது. சொல்லு, காட்டு, செய்யின்னு பல் மருத்துவத்துல ஒரு முறை 1959லயே எழுதி வச்சாச்சு. என்ன செய்யப் போறோம்னு புள்ளைக்கு புரியற மாதிரி சொல்லணும், கருவிய அதோட நகத்துல ஓட்டி காட்டணும், அப்புறம் தான் வாய்ல செய்யணும். கவனத் திருப்பல் இதுக்கு மேல கட்டற மாடி, அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டச் சொல்லி என்கிட்ட வர்றாங்க.

வலி குறையறது உண்மையா, சும்மா மனசுக்கு ஆறுதலான்னு சில அப்பாக்கள் கேப்பாங்க. உண்மை. அடிபட்ட இடத்த நாமளே தேச்சு விட்டுக்கறோம்ல, அதே கதை தான், மெல்சாக், வால்னு ரெண்டு பேரு 1965ல இதுக்கு ஒரு கோட்பாடே எழுதினாங்க, முதுகுத்தண்டுல வலிக்கு ஒரு கதவு இருக்கற மாதிரி, வேற உணர்ச்சி போனா கதவு கொஞ்சம் சாத்திக்கும்னு. அதனால தான் ஊசி போடும்போது கன்னத்த புடிச்சு ஆட்டிட்டே போடறோம், டாக்டர் ஏன் கன்னத்த கிள்ளறாங்கன்னு சண்டைக்கு வராதீங்க.

சரி, திங்கக்கிழமை வந்தாங்க. அம்மா மட்டும் உள்ள வரட்டும்னேன். அன்னிக்கு எந்த வைத்தியமும் பண்ணல. சேர்ல ஏத்தி இறக்கினேன், அவனே பட்டன் அமுக்கினான், கண்ணாடிய வச்சு பல்ல எண்ணினோம். 20 பால் பல்லு. எங்கயாவது டூர் போயிருக்கியான்னு கேட்டேன், ஏற்காடு போயிருக்கானாம், பஸ்ல ஜன்னல் ஓரமாம், கொரங்கு பாத்தானாம், வழில வாந்தி எடுத்தானாம், எல்லாத்தயும் சொன்னான். எனக்கு அது போதும்.

சேலத்துல இருந்து ஏற்காடு போற மலைப்பாதைல 20 கொண்டை ஊசி வளைவு. இத நான் ரொம்ப நாளா வச்சு விளையாடறேன், ஆனா கொண்டை ஊசின்னு சொல்ல மாட்டேன், அந்தப் பேர்லயே ஊசி இருக்கு, பெண்டுன்னு தான் சொல்லுவேன். புதன்கிழமை அவன் டிரைவர், நான் கண்டக்டர். புது பஸ்ஸ்டாண்டுல விசில் அடிச்சு வண்டிய எடுத்தோம், ஈறுல மரத்துப்போற ஜெல்ல தடவிட்டு ரெண்டு நிமிஷம் அஸ்தம்பட்டி, கோரிமேடுன்னு ஸ்டாப் ஸ்டாப்பா ஆள் ஏத்தினோம். (அந்த ரெண்டு நிமிஷத்த தயவு செஞ்சு யாரும் முழுங்காதீங்க, ஜெல் தடவின உடனே குத்தினா தடவாததுக்கு சமம். இது சக டாக்டர்களுக்கு.) அடிவாரம் வந்ததும் அவன் ரெண்டு கையும் ஸ்டியரிங், வலது கால் பிரேக்கு. ஒவ்வொரு பெண்டுக்கும் நான் நம்பர் சொல்லுவேன், அவன் எந்தப் பக்கம் ஒடிக்கணுமோ அந்தப் பக்கம் கைய திருப்பணும், ஒத்தப்படை வந்தா பிரேக் அமுக்கணும். ஒரு பெண்டுக்கு மூணு செகண்டு, 20 பெண்டுக்கு ஒரு நிமிஷம். மருந்த நிமிஷத்துக்கு 1 மில்லிக்கு மேல தள்ளக்கூடாது, வேகமா தள்ளினா அந்த அழுத்தமே வலிக்கும், அதனால இந்தக் கணக்கு எனக்கும் கடிகாரம் மாதிரி. மூணாவது பெண்டுல ஊசி உள்ள போச்சு, புருவத்த சுருக்கினான், பிரேக்க ஓங்கி மிதிச்சான், கை தூக்கல. பதினேழாவதுல வெளிய எடுத்துட்டேன், அவன் மீதி மூணையும் ஓட்டி ஏரிகிட்ட கொண்டு போயி நிறுத்திட்டு தான் கைய எடுத்தான்.

இத ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, கை, கால், காது, கணக்கு எல்லாத்துக்கும் வேலை இருக்குன்றத கவனிங்க. சும்மா பாத்துட்டு இருக்கறதுக்கும் தானே இறங்கி செய்யறதுக்கும் வித்தியாசம் இருக்கு. செவ்வாய்பேட்டைல இருந்து நாலு வயசு பாப்பா ஒண்ணு வரும், வெள்ளி வேலை செய்யற வீடு, கால்ல கனமா கொலுசு. அந்தப் பாப்பாவுக்கு வலது காலு ஒரு தடவ, இடது காலு ரெண்டு தடவ ஆட்டி நான் பாடற பாட்டுக்கு தாளம் போடணும். ரெண்டு பில்லிங் முடிஞ்சதே அதுக்கு தெரியல, தாளம் தப்பிடுச்சுன்னு தான் வருத்தப்பட்டுச்சு. ரெண்டு மூணு வயசுக்கு சோப்பு முட்டை ஊதறது போதும், ஊதும்போது மூச்சு நீளமா வரும், மூச்சு நீண்டா உடம்பு தளரும். பத்து வயசுக்கு மேல கதை எல்லாம் சொன்னா கோச்சுக்குவாங்க, அவங்களுக்கு புடிச்ச பாட்ட ஹெட்போன்ல அவங்களே போட்டுக்கட்டும்.

போன் கெட்டதுன்னு நான் சொல்லல. சீலிங்ல டிவி, கண்ணுல மாட்டற வீடியோ கண்ணாடி எல்லாம் வச்சு நல்லா செய்யறவங்க இருக்காங்க, பலனும் இருக்கு. ஆனா வீட்ல சாப்பிடும்போது, பஸ்ல போகும்போது, தூங்கப் போகும்போதுன்னு எந்நேரமும் பாக்கற அதே கார்ட்டூன அழுக ஆரம்பிச்ச பிறகு மூஞ்சில நீட்டினா என்ன ஆகும்? மனசு அப்பவே பயத்துல நெறைஞ்சு போச்சு, மிச்சம் எடம் ஏது? போன் காட்டறதா இருந்தா வலிக்கு முன்னாடியே ஆரம்பிங்க, புள்ள கேக்கறத போடுங்க, பாதில புடுங்காதீங்க.

இன்னொண்ணு, இது கை கூப்பி கேக்கறது. நடுவுல "வலிக்குதா சாமி?"ன்னு கேக்காதீங்க. பாசத்துல தான் கேக்கறீங்க, எனக்கு தெரியும். ஆனா பன்னெண்டாவது பெண்டுல பஸ் ஓட்டிட்டு இருக்கற புள்ளைய கைய புடிச்சு இழுத்து மறுபடி சேர்ல உக்கார வைக்கற கேள்வி அது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு திருப்பித் திருப்பி சொல்றதும் அப்படித்தான், ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அம்மா குரல் நடுங்குதுன்னு புள்ளைக்கு உடனே கேக்கும். ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க, கால்மாட்டுல உக்காந்து பாதத்த புடிச்சுக்கங்க, நான் சொல்ற கதைல சேந்துக்கங்க, இல்லன்னா அமைதியா இருங்க.

அப்புறம், "புள்ள தான் விளையாட்டுல இருக்கே, ஊசி இல்லாமயே பண்ணிடுங்க"ன்னு கேக்கறவங்களுக்கு: கூடாது. நரம்பு வரைக்கும் போன சொத்தைய மரத்துப்போக வைக்காம தொட்டா எந்த விளையாட்டும் நிக்காது. விளையாட்டு ஊசிக்கு பதில் இல்ல, ஊசிய தாங்கறதுக்கு துணை. வீங்கி சீழ் புடிச்ச பிறகு வந்தா ஊசியே சரியா மரத்துப்போக வைக்காது, அதனால பால் பல்லு தான விழுந்துடும்னு விட்டு வைக்காதீங்க, பின்னாடி இருக்கற பால் கடவாப்பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்தாகணும். மொட்டை அடிச்சு காது குத்தற வயசுலயே பல் டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிடுங்க, வலி இல்லாதப்ப வந்து பழகின புள்ளைக்கு நான் பாதி மெனக்கெட்டா போதும்.

எல்லா புள்ளைக்கும் இது போதாது. ரொம்ப சின்னப் புள்ளைக்கு பத்து பல்லு சொத்தைன்னா பெரிய ஆஸ்பத்திரில மயக்கம் குடுத்து பண்றது தான் நியாயம், அப்படி எழுதிக் குடுத்தா டாக்டருக்கு புள்ளைய சமாளிக்கத் தெரியலன்னு பேசாதீங்க. ஆட்டிசம் இருக்கற புள்ளைன்னா முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, கூட்டம் இல்லாத நேரம் குடுப்போம், மெஷின் சத்தம் அவங்களுக்கு ஊசிய விட பெரிய வலி.

கிளம்பறதுக்கு முன்னாடி தூங்க விடுங்க, சாப்பிட வைங்க (மயக்கம் குடுத்து பண்றதுன்னா மட்டும் டாக்டர் சொன்ன நேரத்துல இருந்து பட்டினி). சாயங்காலம் ஸ்கூல் விட்டு களைச்சு வர்ற புள்ளைய அப்படியே பைக்ல ஏத்திட்டு வராதீங்க, காலைல வாங்க. சோறு திங்கலன்னா டாக்டர் ஊசி போடுவாங்கன்னு வீட்ல மிரட்டறத இன்னிக்கே நிறுத்துங்க, சோறு ஊட்டறது என் வேலை இல்ல. முடிஞ்சு வீட்டுக்கு போன பிறகு ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்துத்தான் இருக்கும், தெரியாம கடிச்சுக்கும், மறுநாள் உதடு பன்னு மாதிரி வீங்கி வந்து நிப்பீங்க. அந்த நேரம் தட்டு வடை செட்டு எல்லாம் வாங்கிக் குடுக்காதீங்க, பக்கத்துல உக்காந்து பேச்சு குடுத்துட்டே இருங்க, அதுவும் கவனத்த திருப்புறது தான்.

அந்தப் பையனுக்கு கீழ் வரிசைல இன்னொரு பல்லு பாக்கி இருக்கு. அடுத்த புதன்கிழமை வரச் சொல்லிருக்கேன். போகும்போது வாசல்ல நின்னு அப்பாகிட்ட சொல்லிட்டு இருந்தான், மேல் பல்லுக்கு மலை ஏறியாச்சாம், கீழ் பல்லுக்கு இறங்கணுமாம், இறங்கும்போது பிரேக்க நல்லா புடிக்கணுமாம். அப்பா என்னப் பாத்தாரு. ஊசி இருக்குன்னு வீட்லயே சொல்லி கூட்டிட்டு வாங்கன்னேன். சரிங்கன்னாரு.